பிள்ளையோடு வாசலில் வந்து நிற்கும் தாய்: ஜும்ஆ உரை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஒரகடம் பக்கம் ஒரு பள்ளிவாசல். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. இஷா தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்து வெளியே வந்தால், செருப்பு விடும் இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். இடுப்பில் ஒரு குழந்தை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வயதில் ஒரு பையன். கையில் ஒரு துணிக்கடைப் பை. அவ்வளவுதான் சாமான். புருஷன் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தவன், அடித்துத் துரத்திவிட்டான். தாய் வீட்டில் அண்ணன் மனைவி கதவைத் திறக்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வட்டமாக நின்று பேசினோம். ஒருவர், "பள்ளியில பொம்பளைய எப்படித் தங்க வைக்கிறது?" என்றார். இன்னொருவர், "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார். ஒரு பெரியவர் துண்டை விரித்தார். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் சேர்ந்தது. அதை அவள் கையில் கொடுத்து, ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் நிலையத்துக்கு அனுப்பி வைத்தோம். பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக் கொடுத்தோம். எல்லோரும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனோம். அந்த வட்டத்தில் நானும் நின்றேன். அவள் பஸ் நிலையத்திலிருந்து எங்கே போனாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. இன்று வரை எனக்குத் தெரியாது.

மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஹதீஸ் ஞாபகத்துக்கு வந்தது. பல தடவை பாடம் நடத்திய ஹதீஸ். அன்றைக்கு அது என் மீது இறங்கியது.

புகாரியில் 439வது ஹதீஸ். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஓர் அரபுக் குலத்தாரிடம் ஒரு கறுப்பினப் பெண் அடிமையாக இருந்தாள். விடுதலை செய்துவிட்டார்கள். போக்கிடம் இல்லாததால் அவர்களோடேயே இருந்தாள். ஒரு நாள் அந்த வீட்டுச் சிறுமி அணிந்திருந்த சிவப்புத் தோல் மாலை, கற்கள் பதித்தது, கீழே கிடக்கிறது. பருந்து ஒன்று அதை இறைச்சி என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. எல்லோரும் தேடினார்கள். கிடைக்கவில்லை. பழி யார் மேல் விழும்? ஆதரவற்றவள் மேல்தான் விழும். அவளைச் சோதனை போட்டார்கள். சகோதரர்களே, மிம்பரில் நின்று விவரிக்க முடியாத அளவுக்குச் சோதனை போட்டார்கள். அவள் கூனிக் குறுகி நிற்கும்போதே அந்தப் பருந்து திரும்பி வந்து மாலையை அவர்கள் நடுவில் போட்டுவிட்டுப் போனது.

நிரபராதி என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த இடத்தில் அவளால் இருக்க முடியவில்லை. மதீனாவுக்கு வந்தாள். நபி (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தை ஏற்றாள். அப்புறம் எங்கே தங்கினாள்? மஸ்ஜிதுந் நபவியில். அவளுக்குப் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரமோ சின்னக் குடிலோ இருந்தது என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். இமாம் புகாரி அவர்கள் இந்த ஹதீஸைப் பதிவு செய்யும்போது, பெண் பள்ளிவாசலில் உறங்குவது பற்றியே ஒரு பாடத் தலைப்பு வைத்திருக்கிறார்கள். "பள்ளியில் பொம்பளையை எப்படித் தங்க வைப்பது" என்று நாங்கள் வட்டமாக நின்று கேட்டோமே, அந்தக் கேள்விக்கு ஆயிரம் வருடங்களுக்கும் முன்னாலேயே பதில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. (நம் பள்ளிகள் பலவற்றில் பெண்களுக்கு ஒளூ செய்யத் தனி இடம்கூடக் கிடையாது. அதை இன்னொரு வாரம் பேசுவோம்.)

இந்த ஹதீஸில் நான் அதிகம் யோசித்தது அடுத்த பகுதியைத்தான். அந்தப் பெண் ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாளாம். எப்போது வந்து உட்கார்ந்தாலும் ஒரே கவிதை வரியைச் சொல்வாளாம். அந்த மாலை காணாமல் போன நாள் பற்றியது அது. அந்த ஊரிலிருந்து இறைவன் தன்னைக் காப்பாற்றினான் என்று சொல்லும் வரி. ஒவ்வொரு தடவையும் அதே வரி. ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் "போதும், அதையே எத்தனை தடவை சொல்வாய்" என்று சொல்லவில்லை. "நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு" என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு நாள், "நீ வந்து உட்காரும்போதெல்லாம் இதைச் சொல்கிறாயே, என்ன விஷயம்?" என்று கேட்டார்கள். அப்போதுதான் அவள் முழுக் கதையையும் சொன்னாள்.

இன்றைக்கு மனநல மருத்துவர்கள் எதை அதிர்ச்சியின் தழும்பு என்கிறார்களோ, அது இதுதான். பெரிய கொடுமையைக் கண்ட மனம் அந்த நாளுக்கே திரும்பத் திரும்பப் போகும். இலங்கையில் 1990 அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். புத்தளத்தில் அகதிகளாகக் குடியேறியவர்களில் வயதான பெண்களிடம் பேசியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முப்பது வருடம் கழிந்த பிறகும் பேச்சு அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் வந்து நிற்கும். அடுப்பில் என்ன இருந்தது, எந்தக் கதவைப் பூட்டினோம், சாவியை யார் வாங்கினார்கள் என்று.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஆதரவு கேட்டு ஒரு பெண் வந்தால், முதல் நாளே கமிட்டியில் நிற்க வைக்கிறோம். தலைவர், செயலாளர், பொருளாளர், அவர்களோடு வந்த இரண்டு பேர். எல்லோரும் ஆண்கள். "என்னம்மா நடந்தது, விவரமா சொல்லு." அவள் சொல்லித் தீர வேண்டும், அப்போதுதான் உதவி. அடுத்த வாரம் வேறொருவர் வருவார். மறுபடியும் முதலிலிருந்து. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அவள் முதலில் பாதுகாப்பாக உட்கார்ந்தாள். கதை பிறகுதான் வந்தது. நம்மிடம் முறை தலைகீழாக இருக்கிறது. உங்கள் மஹல்லாவில் ஓர் ஆலிமாவையோ, பக்குவமான ஒரு மூத்த சகோதரியையோ இதற்கென்று நியமித்துவிடுங்கள். அவர் ஒருவர் கேட்டால் போதும். கமிட்டிக்கு வேண்டியது, அவளுக்கு இன்று ராத்திரி எது தேவை என்ற விவரம் மட்டும்.

அன்பிற்குரியவர்களே! நாம் வாழும் இந்தப் பகுதியைக் கொஞ்சம் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வரை ஆலைகள். கார், செல்போன், கண்ணாடி, டயர். காலை ஷிஃப்டுக்கு வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்களின் ஜன்னலோரத்தில் எல்லாம் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் கிடந்து, மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கும் இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் ஒரு பெரிய குடியிருப்பைத் திறந்து வைத்தார். 706.50 கோடி ரூபாய் செலவு. 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். நல்ல காரியம், பாராட்ட வேண்டியது.

ஆனால் அந்தப் படுக்கைகள் ஆலைக்குத் தனியாக வரும் பெண்ணை மனதில் வைத்துப் போட்டவை. இடுப்பில் பிள்ளையோடு வருபவளுக்கு இந்தப் பாதை முழுக்க இடம் எங்கே? அதே 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், இங்குள்ள ஒரு பெரிய செல்போன் ஆலை கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறது என்று எழுதியது. அந்த நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த வழக்காட்டை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது நம்மை. ஆலைக்காரர் தாயைச் சேர்க்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் பகிர்ந்து கோபப்பட்டோமே, நம்முடைய லைன் வீட்டில் நாம் அவளைச் சேர்க்கிறோமா?

இந்தப் பக்கம் நிலத்தின் விலை ஏறியதிலிருந்து நம் ஜமாஅத்தில் எத்தனையோ பேர் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஹலாலான வருமானம். ஒரு அறையில் ஏழெட்டுப் பையன்களைத் தங்க வைத்தால் தலைக்கு இவ்வளவு என்று வாங்கலாம். ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஒரே வாடகை. அது மட்டும் காரணம் இல்லை. "புருஷன் இல்லாத பொண்ணு, நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தா?" என்கிறோம். தனியாக வரும் பெண்ணைச் சந்தேகத்தோடு பார்க்கிறோம். பருந்து தூக்கிப் போன மாலைக்கு அந்தக் குலத்தார் யாரைச் சோதனை போட்டார்கள் என்று இப்போது மறுபடியும் யோசித்துப் பாருங்கள்.

சரி, நாம் உதவி செய்யாமல் இல்லை. செய்கிறோம். எப்படிச் செய்கிறோம்? பையனை ஏதாவது ஒரு யத்தீம்கானாவில் சேர்த்துவிடுவோம். சாப்பாடு, துணி, ஓதல், பள்ளிக்கூடம் எல்லாம் இலவசம். பெண் குழந்தையை நிஸ்வான் மதரஸாவில் விடலாம். தாய் எங்காவது வீட்டு வேலைக்குப் போய் அங்கேயே படுத்துக்கொள்ளலாம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம்.

நம் யத்தீம்கானாக்கள் ஆற்றிய சேவையை நான் குறை சொல்லவில்லை. தாயும் தகப்பனும் இல்லாத எத்தனையோ பிள்ளைகளை அவை ஆளாக்கியிருக்கின்றன. ஆனால் தாய் உயிரோடு இருக்கிறாள். அவளுக்கு ஒரு அறையும் ஒரு வேலையும் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை அவளிடமிருந்து பிரிக்கிறோம். அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. தாயையும் பிள்ளையையும் பிரிப்பவனை, மறுமையில் அவனுக்குப் பிரியமானவர்களிடமிருந்து அல்லாஹ் பிரித்துவிடுவான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அது போரில் பிடிபட்ட கைதிகள் விஷயத்தில் சொல்லப்பட்டது. கைதிக்கே அந்த உரிமை என்றால், நம் பள்ளிவாசலைத் தேடி வந்தவளுக்கு? அபூதாவூதில் இன்னொரு சம்பவம். பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பார்த்துவிட்டு, இதன் குஞ்சுகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியது யார் என்று கேட்டு, திருப்பி வைக்கச் சொன்னார்கள்.

அடிதடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உலகத்தில் ஒரே பாதுகாப்பு அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொள்வதுதான். அதையும் எடுத்துவிட்டால் அவனுக்கு என்ன மிச்சம்?

மதரஸா உஸ்தாதுமார்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரிப் பிள்ளைகள் உங்கள் மக்தபுக்கு வருவார்கள். ஏழு வயதாகியும் படுக்கையை நனைப்பான். யாராவது குரலை உயர்த்தினால் கையால் தலையை மறைத்துக்கொள்வான். சாப்பிட்ட பிறகு இரண்டு ரொட்டியைச் சட்டைப் பைக்குள் ஒளித்து வைப்பான். நாலு மாதம் வாய் திறக்க மாட்டான், திறந்தால் பக்கத்துப் பையனை அடிப்பான். இது கெட்ட பழக்கம் இல்லை. பயம். உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட பயம். இவனைப் பிரம்பால் திருத்தப் போனால், தகப்பன் செய்ததை நாமும் செய்கிறோம் என்று ஆகிவிடும்.

ஜஃபர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 8ல் மூத்தா போரில் ஷஹீதானார்கள். செய்தி வந்ததும் நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்குப் போனார்கள். அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் மாவு பிசைந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து வைத்திருக்கிறார்கள். இன்னும் செய்தி தெரியாது. நபி (ஸல்) அவர்கள் பிள்ளைகளை அழைத்து, அணைத்து, முகர்ந்தார்கள். கண்ணில் நீர் வழிந்தது. இந்த வீட்டார் துயரத்தில் இருக்கிறார்கள், இவர்களுக்குச் சமைத்துக் கொடுங்கள் என்று தம் குடும்பத்தாரிடம் சொன்னார்கள். மூன்று நாள் கழித்து வந்து நாவிதரை வரவழைத்துப் பிள்ளைகளின் தலைமுடியை மழிக்கச் செய்தார்கள். இந்தப் பிள்ளை என் பெரிய தந்தை அபூதாலிபைப் போல் இருக்கிறான், இந்தப் பிள்ளை என்னைப் போல் இருக்கிறான் என்று சொன்னார்கள். தாய் தன் பிள்ளைகள் யத்தீம்களாகிவிட்டதைச் சொல்லி அழுதபோது, இம்மையிலும் மறுமையிலும் நான் இவர்களுக்குப் பொறுப்பாளனாக இருக்கும்போது வறுமைக்கு ஏன் அஞ்சுகிறாய் என்று கேட்டார்கள். முஸ்னத் அஹ்மதிலும் பிற நூல்களிலும் வருகிறது. கவனியுங்கள்: அழவும் செய்தார்கள், சாப்பாடும் வந்தது, முடிவெட்டுகிற மாதிரியான அன்றாட வேலையும் தொடர்ந்தது. பிள்ளைகள் தாயோடுதான் இருந்தார்கள்.

மன பாதிப்பு அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "ஓதி ஊதினால் போதும்" என்று தடுக்காதீர்கள். துஆவும் செய்வோம், மருந்தும் எடுப்போம், இரண்டும் சுன்னத்தான வழிதான். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். இந்த இடத்தில் உமர் (ரலி) அவர்களின் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். புகாரியில் 4160வது ஹதீஸ். உமர் (ரலி) கடைத்தெருவுக்குப் போகிறார்கள். ஓர் இளம்பெண் வழியில் நிறுத்துகிறாள். "அமீருல் முஃமினீன், என் கணவர் இறந்துவிட்டார், சின்னச் சின்னப் பிள்ளைகளை விட்டுப் போயிருக்கிறார், சமைக்க ஒரு ஆட்டுக்கால்கூட இல்லை, நிலமும் இல்லை, கால்நடையும் இல்லை" என்கிற பொருளில் சொல்கிறாள். கலீஃபா நடையை நிறுத்தி அவளோடு நின்றார்கள். பிறகு வீட்டுக்குப் போய், கட்டியிருந்த ஒரு நல்ல வலுவான ஒட்டகத்தின் மேல் இரண்டு மூட்டை தானியம் ஏற்றி, நடுவில் பணமும் துணியும் வைத்து, ஒட்டகத்தின் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்கள். ஓட்டிக்கொண்டு போ, இது தீருவதற்குள் அல்லாஹ் உங்களுக்கு நல்வழி காட்டுவான் என்றார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், இவளுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டீர்களே என்றார். உமர் (ரலி) அவரைக் கடிந்துகொண்டு, இவள் தந்தையும் சகோதரனும் செய்த தியாகத்தைச் சொன்னார்கள்.

மூட்டையை வேலைக்காரன் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். மாதா மாதம் வந்து வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். ஒட்டகத்தையே கொடுத்தார்கள். கயிறு அவள் கையில் இருந்தது.

நம் பைத்துல்மாலில் என்ன நடக்கிறது? ரமளானில் அரிசி, எண்ணெய், சேமியா பை. மாதம் ஐந்நூறு, ஆயிரம். அதை வாங்க அவள் வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். போட்டோவும் எடுப்போம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று அல்பகரா அத்தியாயத்தில் 264வது வசனத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். போட்டோ அதில் சேராது என்று யாராவது ஃபத்வா கொடுத்தால் எனக்கும் காட்டுங்கள்.

ஜகாத் விஷயத்தில் ஒரு சட்டத்தை ஞாபகப்படுத்துகிறேன். ஹனஃபி மத்ஹபில் தம்லீக் என்று சொல்வோம். ஜகாத் பொருள் ஏழையின் கைக்குப் போய் அவருக்கே சொந்தமாக வேண்டும். ஜகாத் பணத்தில் கட்டிடம் கட்டக் கூடாது என்று நம் முன்னோர்கள் சொன்னது இதனால்தான். இதை வாடகை அட்வான்ஸ் விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். இந்தப் பகுதியில் வீடு எடுக்க அவளுக்கு முதல் தடை மாத வாடகை இல்லை, அட்வான்ஸ்தான். ஜகாத்திலிருந்து அந்தத் தொகையை அவள் கையில் கொடுங்கள். அவள் கொடுக்கட்டும். வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில் இருக்கட்டும். நாளைக்கு அவள் வீடு மாறும்போது அந்த அட்வான்ஸ் அவளுக்குத்தான் திரும்ப வர வேண்டும். பைத்துல்மால் கணக்குக்கு அதைத் திருப்பி எடுத்துக்கொள்வது அவள் சொத்தில் கை வைப்பது.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பு முடியாது. கைக்குழந்தையோடு பாலைவனத்தில் தனியாக நின்ற தாய். ஸஃபா மர்வா ஓட்டத்தை நாம் ஒவ்வொரு ஹஜ்ஜிலும் உம்ராவிலும் ஓடுகிறோம். அதற்கு அடுத்து நடந்ததை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் புகாரி ஹதீஸில் வருகிறது. ஸம்ஸம் ஊறிய பிறகு ஜுர்ஹும் குலத்தார் அந்த வழியாக வந்தார்கள். நாங்களும் இங்கே தங்கலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டார்கள். தங்கலாம், ஆனால் தண்ணீரில் உங்களுக்கு உரிமை கிடையாது என்றார் அன்னை. அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஹாஜரா அம்மையாருக்கும் மனிதத் துணை தேவைப்பட்டது, அதை அவர்கள் விரும்பினார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அந்த ஹதீஸிலேயே இருக்கிறது. பக்கத்தில் மனிதர்கள் வேண்டும், அதே சமயம் கிணறு தன் பெயரில் இருக்க வேண்டும். அந்த வனாந்தரம்தான் மக்கா நகரமானது.

சென்னை முகப்பேரில், 'தி பேன்யன்' என்ற அமைப்பைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் 1993ல் ஆரம்பித்தது. தெருவில் மனநலம் குன்றித் திரிந்த பெண்களுக்கு 'அடைக்கலம்' என்ற இல்லம். அவர்கள் முஸ்லிம்கள் இல்லை, நல்ல வேலையை யார் செய்தாலும் கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கம் இல்லை. நிறையப் பெண்கள் குணமாகி வீடு திரும்பினார்கள். போக வீடே இல்லாதவர்கள் இல்லத்திலேயே தேங்கினார்கள். அதனால் பிறகு, சாதாரணத் தெருக்களில் சாதாரண வாடகை வீடுகளை எடுத்து நாலைந்து பெண்களைக் குடும்பம் போலக் குடிவைத்தார்கள். சமைப்பது, கடைக்குப் போவது, பக்கத்து வீட்டில் பேசுவது எல்லாம் அவர்களே. விடுதியில் கிடைக்காத ஏதோ ஒன்று தெருவில் கிடைக்கிறது என்று அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். நாமும் பெரிய கட்டிடத்துக்கு வசூல் பண்ணப் போக வேண்டாம். நம் தெருவில் ஒரு வீடு போதும்.

நடைமுறைக்குத் தேவையான சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த இரவில் எங்களுக்கு இவை தெரியாது.

181 என்பது பெண்களுக்கான உதவி எண். எந்நேரமும் பேசலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. அங்கே சில நாட்கள் தங்க இடம், மருத்துவம், சட்ட உதவி கிடைக்கும். பிள்ளைகளுக்கு 1098. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்தோமே, 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, புருஷன் வீட்டில் வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு, அந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் சரி. நமக்கு இது புதிதா? தலாக் சொன்ன பிறகும் இத்தாக் காலத்தில் மனைவியை வீட்டிலிருந்து வெளியேற்றாதீர்கள் என்று தலாக் அத்தியாயத்தின் முதல் வசனத்திலேயே அல்லாஹ் சொல்லிவிட்டான். வசதிக்கேற்ப நீங்கள் வசிக்கும் இடத்திலேயே அவர்களையும் வசிக்க வையுங்கள் என்று ஆறாவது வசனம். ராத்திரியோடு ராத்திரியாகத் துரத்தியவன் அடுத்த ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் வந்து உட்கார்ந்தால், ஜமாஅத் அவனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாமா? பெண்ணை விசாரிக்கக் கூடிய கமிட்டி, ஆணுக்காக ஒரு தடவையும் கூடியதாக எனக்கு நினைவில்லை.

பள்ளிக்கூடச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, டிசி இல்லை என்று அவள் பயப்படுவாள். ஓடிவந்தவளிடம் எந்தக் காகிதம் இருக்கும்? 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, டிசி வரத் தாமதமானாலும் சேர்க்க வேண்டும். உங்களில் படித்த இளைஞர் ஒருவர் கூடப் போய்த் தலைமையாசிரியரிடம் பேசினால் அரை நாளில் முடியும் வேலை. அரசு ஆரம்பப் பள்ளியில் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் கிடைக்கும். தாய் காலை ஷிஃப்டுக்கு நிம்மதியாகப் போகலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. நாம் திரட்டும் நன்கொடைக்கு அரசும் இணை மானியம் தருகிறது. தையல் மிஷினோ, சிறு கடைக்கு முதலோ அதன் வழியாக வாங்கித் தரலாம்.

ஆனால் தையல் மிஷின் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எத்தனை வீட்டில் அந்த மிஷின் துணி மூடிக் கிடக்கிறது! ஆறு மாதம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள். தாய் இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு வந்தால் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? பக்கத்து வீட்டுச் சகோதரிகள்தான் செய்ய முடியும். இதை வாசிக்கும் தாய்மார்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். விதவைக்காகவும் ஏழைக்காகவும் பாடுபடுபவர் அல்லாஹ்வின் பாதையில் போராடுபவரைப் போன்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் 5353வது ஹதீஸ். ஒரு தட்டுச் சோறும் இரண்டு மணி நேரமும்தான் உங்கள் போர்க்களம்.

அவசரப்படவும் வேண்டாம். ஆறு மாதத்தில் அவள் சிரிக்கவில்லையே, நன்றி சொல்லவில்லையே என்று எண்ணாதீர்கள். சில சமயம் நம் மீதே எரிந்து விழுவாள். மாலை போன நாளின் வரியை மஸ்ஜிதுந் நபவியின் கூடாரத்தில் இருந்தவள் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று ஹதீஸில் கணக்கு இல்லை.

இந்த வாரம் தொழுகைக்குப் பிறகு பள்ளி அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வாடகை வீடு உள்ளவர்கள், தாயும் பிள்ளைகளும் சேர்ந்து தங்க ஓர் அறையை வழக்கமான வாடகைக்கே தர முடியும் என்றால் பெயர் எழுதுங்கள். இலவசமாகக் கேட்கவில்லை. முதல் ஆறு மாத வாடகைக்கு ஜமாஅத் பொறுப்பு. உள்பக்கம் தாழ்ப்பாள் போடும் கதவும், தனிக் கழிப்பறையும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ராத்திரி நேரத்தில் யாராவது வந்தால் போன் எடுக்கக்கூடிய இரண்டு சகோதரிகளின் பெயரும் வேண்டும். முதல் பெயராக என் வீட்டாரின் பெயரை எழுதியிருக்கிறேன்.

யா அல்லாஹ்! அன்றைக்கு எங்கள் வாசலில் நின்று, நாங்கள் பஸ் ஏற்றி அனுப்பிய அந்தத் தாயும் இரண்டு பிள்ளைகளும் இப்போது எங்கே இருந்தாலும் அவர்களை ஒன்றாகவே வைத்திரு. எங்களை மன்னித்தருள்வாயாக. ஆமீன்.